ஏற்றத்துக்கும் ஒரு சைக்கிள் பாதை

2022 நடுப்பகுதி. இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம். பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்குப் போயிருந்தது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் கிடைக்கவில்லை. பெற்றோல் செட்டில் தொடங்கும் வரிசை டவுனைத் தாண்டி அடுத்த வளைவு வரைக்கும் நிற்கும். ஓட்டோவுக்குள்ளேயே படுத்து விடிய எழும்பினவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் கியூ.ஆர். முறை வந்தது; வாகனத்துக்கென்று தந்த குறியீட்டைக் காட்டினால்தான் பெற்றோல். கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள்.

நான் அப்போது மலைநாட்டில், கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பஸ் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. மச்சானின் பழைய லுமாலா சைக்கிள் ஒன்று லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் சாக்குப் போர்த்தியபடி கிடந்தது. கியர் கிடையாது. தூசி தட்டி, பஸார் மூலையில் இருக்கும் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடை அண்ணன் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டே சிரித்தார். “மலையில சைக்கிளா தம்பி? ஏறும்போது தள்ளிக்கிட்டுப் போ, இறங்கும்போது சாமியக் கும்பிட்டுக்க. வேற ஒன்னும் சொல்றதுக்கில்ல.”

மூன்றாம் நாள் விழுந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது, ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில், தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்கு மேலே இரும்புக் கம்பி மூடி போட்டிருந்தது. ரோடு போகும் திசையிலேயே கம்பிகள் நீளவாக்கில் கிடந்தன. இடைவெளியோ சைக்கிள் டயருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. முன்சில்லு உள்ளே போனது, நான் மேலே போனேன். முழங்கையில் ஏழு தையல். தையல் போட்ட நர்ஸ் அக்கா, “பார்த்து ஓட்டக் கூடாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் அப்போது பட்டது.

கை ஆறும்வரை வீட்டில் கிடந்தபோதுதான் யோசனை வந்தது. அதே கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்காகக் கிடந்திருந்தால் சில்லு கடகடவென்று மேலேயே உருண்டு போயிருக்கும். அதே இரும்பு, அதே கூலி, அதே செலவு. வைத்த விதம்தான் வேறு. வைத்தவர் கெட்டவரும் இல்லை. அந்த வழியால் சைக்கிள் ஒன்று வரும் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை, அவ்வளவுதான். ‘சைக்கிள் உட்கட்டமைப்பு’ என்று பெரிய வார்த்தையில் சொல்வது, கடைசியில் இந்த நினைப்பைத்தான்: இந்த வழியால் எஞ்சின் இல்லாத ஒருவரும் வருவார் என்று எண்ணி ரோட்டை அமைப்பது.

வெளிநாட்டுப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ‘கார் இல்லாமல் வாழலாம் வாருங்கள்’ என்று ஐரோப்பாவில் ஒருவர் எழுதினால், அவர் வீட்டு வாசலில் நிற்கும் காரை விற்றுவிட்டு எழுதுகிறார். நம் தோட்டங்களில் அப்படி விற்பதற்கு யாரிடம் கார் இருக்கிறது? பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள், இல்லாவிட்டால் வான் வண்டியில் நெருக்கியடித்துப் போகிறார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் மலை மலையாக நடக்கிறார்கள். டவுனுக்கு பஸ், அவசரத்துக்கு ஓட்டோ, தூரப் பயணத்துக்குக் கோச்சி, அதாவது ரயில். கார் இல்லாத வாழ்க்கையை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு. பெரும்பாலானோர் காரில் போகாத ஊரில் ரோட்டை மட்டும் ஏன் முழுக்க முழுக்க வாகனத்துக்கென்று போட்டிருக்கிறார்கள்? நடக்கிறவர் ஏன் கானுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சாண் இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்?

நெதர்லாந்தும் ஒரு காலத்தில் இப்படித்தான்

சைக்கிள் என்றால் எல்லோரும் நெதர்லாந்தைச் சொல்வார்கள். இன்று அங்கே ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகம். போக்குவரத்தில் கால் பங்குக்கு மேல் சைக்கிளில்தான் நடக்கிறது. அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று நினைத்தால் தப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களும் காருக்காக ரோட்டை அகட்டினார்கள், பழைய கட்டடங்களை இடித்தார்கள். 1971இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் ஏறத்தாழ 3,300 பேர் வீதி விபத்தில் செத்தார்கள். அதில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய் தகப்பன்மார் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே இயக்கம் தொடங்கி ரோட்டில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்த நவம்பரிலிருந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே கூடாது என்று அரசாங்கம் சொன்னது. பெருந்தெருக்களில் பிள்ளைகள் சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடித் திரிந்தார்கள்.

எண்ணெய் இல்லாமல் போன நாட்கள் நமக்கும் வந்தன. அவர்கள் அதைப் பார்த்து ரோட்டை மாற்றினார்கள். நாம் வரிசை கலைந்ததும் மறந்துவிட்டோம். அந்த மாதங்களில் விலை ஏறி விற்ற சைக்கிள்களில் பாதி இப்போது எங்காவது சாக்குக்கு அடியில்தான் இருக்கும்.

அவர்கள் என்ன மாற்றினார்கள்? முதலில் கண்ணில் படுவது தனிப்பாதை. ரோட்டோரத்தில் வெள்ளைக் கோடு கிழித்து சைக்கிள் படம் வரைந்துவிட்டால் அது சைக்கிள் பாதை ஆகிவிடாது. கோட்டின் மேல் முதலில் ஓட்டோ நிற்கும், அப்புறம் மரக்கறி வண்டி, அப்புறம் பஸ். கோட்டைத் தாண்ட எந்த வாகனத்துக்கும் பயமில்லை. ஓர் அரை அடி உயரக் கல்வரிசையோ பூச்சட்டியோ நடுவில் வந்தால்தான் அது பாதை. பக்கத்தில் 12 வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்ப மனம் வருமென்றால் அது பாதை, வராவிட்டால் அது வெறும் பெயின்ற்.

ஆனால் எல்லா ரோட்டிலும் தனிப்பாதை போட இடமும் இல்லை, தேவையும் இல்லை. குடியிருப்புத் தெருக்களில் அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். 30 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஏன் அந்த எண்? மோதும் சக்தி வேகத்தோடு அப்படியே கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 50இல் வரும் வாகனம் 30இல் வருவதைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் வேகம். ஆனால் அடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 30இல் இடிபட்டவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவார். 50இல் அந்த உறுதியைத் தர முடியாது. போர்டு நட்டு வைத்தால் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். அதனால் ரோட்டையே ஒடுக்கினார்கள், மேடு போட்டார்கள், வளைவை இறுக்கினார்கள். மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லாதபடி ரோட்டைக் கட்டினார்கள்.

இன்னொரு விசயம், பாதை அறுந்துபோகக் கூடாது. வீட்டிலிருந்து டவுனுக்கு நாலு கிலோமீற்றர் என்றால், மூன்றரை கிலோமீற்றர் அருமையான பாதையும் கடைசி அரைக் கிலோமீற்றர் பஸ் நிலையத்துச் சண்டையும் என்றால், மொத்தப் பயணமும் சண்டைதான். வாளியில் ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தண்ணீர் நிற்காது, பாருங்கள், அது மாதிரி. சந்திகள்தான் பெரும்பாலும் அந்த ஓட்டை. இடப்பக்கம் திரும்பும் லொறிச் சாரதிக்குப் பக்கத்தில் நிற்கும் சைக்கிள்காரர் கண்ணாடியில் தெரிவதில்லை. அதனால் நல்ல சந்திகளில் சைக்கிள் நிற்கும் கோடு வாகனக் கோட்டுக்கு முன்னால் இருக்கும். லைட் விழுமுன் சாரதி அவரைப் பார்த்துவிடுவார்.

இவ்வளவும் சமதரைக் கதை. யாழ்ப்பாணத்தில் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். அங்கே சைக்கிள் வீட்டில் ஓர் ஆள் மாதிரி. யுத்த காலத்தில் எண்ணெய் இல்லாமல் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. ‘மலைக்கு இது சரிவருமா?’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

குறுக்கும் கோச்சிப் பாதையும்

நம் தோட்டங்களில் எந்தப் பிள்ளைக்கும் சரிவு என்றால் என்னவென்று பாடம் எடுக்கத் தேவையில்லை. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இரண்டு வழி. ஒன்று வளைந்து வளைந்து ஏறும் கார் ரோட்டு. மற்றது தேயிலைக்கு நடுவில் நேராக ஏறும் குறுக்கு. இரண்டும் ஏறும் உயரம் ஒன்றுதான். குறுக்கில் ஐந்து நிமிடம், நெஞ்சு அடைக்கும். ரோட்டில் இருபது நிமிடம், கதைத்துக்கொண்டே போகலாம். உயரத்தை எத்தனை மீற்றர் தூரத்துக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறோம் என்பதுதான் சரிவு. 100 மீற்றர் தூரத்தில் 2 மீற்றர் ஏறினால் 2 வீதச் சரிவு, 8 மீற்றர் ஏறினால் 8 வீதம்.

இதை வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேக்காரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். புகைவண்டிச் சில்லு இரும்பு, தண்டவாளமும் இரும்பு, சரிவு கூடினால் வழுக்கும். அதனால் கடுகண்ணாவை ஏற்றத்தில்கூட ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடிதான் உயர்த்தினார்கள். அதாவது 2 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். 1867இல் கண்டிக்கு வந்த பாதை, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று, மலையைச் சுற்றியும் குடைந்தும் ஏறிப்போனது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் மலையின் மேல் ஏறாமல் அரைக் கிலோமீற்றருக்கு மேல் குடைந்து போட்டதுதான் நாங்கள் சிங்கமலைச் சுரங்கம் என்று சொல்வது. தெமோதரையில் தண்டவாளம் தன்னையே சுற்றித் தனக்குக் கீழே போகிறது. ஒரு கோச்சிக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். மனிதர் காலுக்காக யாரும் பட்டதில்லை.

சரிவு சைக்கிளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். ஒரு சாதாரண ஆள் மூச்சிரைக்காமல் தொடர்ந்து மிதித்தால் சுமார் 100 வாட் சக்தி கொடுப்பார், பழைய குண்டு பல்ப் ஒன்றுக்குத் தேவையான அளவு. அந்தச் சக்தியில் 2 வீதச் சரிவில் மணிக்கு 12 கிலோமீற்றர் போகலாம். அது ஓடுகிற வேகத்துக்குக் கிட்ட. அதே ஆள், அதே மூச்சில் 8 வீதச் சரிவில் போனால் வேகம் நாலரைக் கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். அது நடக்கிற வேகம். அந்த வேகத்தில் சைக்கிள் நேராக நிற்காது, இரண்டு பக்கமும் ஆடும். ஆடும் சைக்கிளுக்குப் பின்னால் பஸ் வருகிறது. கடை அண்ணன் தள்ளிக்கொண்டு போகச் சொன்னது சும்மா இல்லை.

இதிலிருந்துதான் மலைநாட்டுச் சைக்கிள் பாதையின் முக்கியமான விதி பிறக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது ‘அட, இவ்வளவுதானா!’ என்று இருந்தது. இறங்கும் சைக்கிள் மணிக்கு 30 கிலோமீற்றர்வரை போகும், வாகனங்களோடு சேர்ந்தே போகலாம். ஏறும் சைக்கிள்தான் மெதுவாக, ஆடிக்கொண்டு போகும். ஆகவே ஒரு பக்கத்துக்குத்தான் இடமிருக்கிறது என்றால், பாதையை ஏறும் பக்கத்தில் போடு! இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் இரண்டும் உதவாது. அமெரிக்காவில் சியாட்டில் என்ற மேடுபள்ளமான நகரத்தில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஏறும் பக்கம் தனிப்பாதை, இறங்கும் பக்கம் பொது ரோடு. ஒடுங்கிய மலை ரோட்டுக்கு இதைவிடச் சிக்கனமான யோசனை எனக்குத் தெரியாது.

இரண்டாவது வழி, குறுக்கை விட்டுவிட்டுக் கார் ரோட்டைத் தேடுவது. சான் பிரான்சிஸ்கோ முழுக்க மேடுதான். அங்கே சைக்கிள்காரர்கள் மேடுகளுக்கு நடுவில் பள்ளமான தெருக்களாகப் பார்த்து, வளைந்து வளைந்து போகும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். நெளிவு என்ற அர்த்தத்தில் அதற்கு ‘விகிள்’ என்றே பெயர். நகர நிர்வாகம் பிறகு அந்த வழியில் அடையாளம் போட்டுக் கொடுத்தது. நம் டவுன் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு வழி இருக்கிறது. பேப்பர் போடும் தம்பிகளுக்கும் பாண் விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

செங்குத்தான குறுக்கு வாகனத்துக்கும் நல்லதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிய பஸ் ஒன்று வானிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை.

நோர்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தில் 1993இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 130 மீற்றர் நீளமான ஒரு செங்குத்து ஏற்றத்தில், ரோட்டோரக் காடிக்குள் கேபிள் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு சின்ன மிதிகட்டை வெளியே வரும். வலது காலை அதில் வைத்தால், சைக்கிளில் இருந்தபடியே பின்னாலிருந்து யாரோ தள்ளுவது மாதிரி மேலே கொண்டுபோய் விட்டுவிடும். நமக்கு அது வேண்டும் என்று சொல்லவில்லை. பெரிய ஏற்றம் என்று அவர்கள் கையை விரிக்கவில்லை, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கியர் இதே கணக்கின் அடுத்த பக்கம். என் மச்சானின் சைக்கிள் மாதிரி கியர் இல்லாததில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று மிதித்தால் சில்லு ஏறத்தாழ இரண்டரைத் தடவை சுற்றி ஐந்து மீற்றர் முன்னே போகும். சமதரையில் சந்தோசம். ஏற்றத்தில் அந்த ஐந்து மீற்றரையும் ஒரே மிதியில் தூக்க வேண்டும், முழங்கால் கெஞ்சும். மலைக்கென்று செய்த சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் வரைக்கும் மாற்றலாம். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றர்கூடப் போகாது, ஆனால் மிதிக்கலாம். குறுக்கில் ஏறும்போது சின்னச் சின்ன அடி எடுத்து வைக்கிறோமே, அதேதான். மலையில் இருப்பவர் சைக்கிள் வாங்கப் போனால் பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டுப் பின்சில்லில் எத்தனை பல் என்று முதலில் எண்ணுங்கள். அடுத்தது பிரேக். ஈரத்தில் ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக் வழுக்கும், டிஸ்க் பிரேக் பிடிக்கும்.

மின்சார சைக்கிள் வந்த பிறகு மலை ஒரு சாக்கே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. 90 கிலோவை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 25 வாட்-மணிச் சக்தி போதும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து 35 என்று வையுங்கள். 400 வாட்-மணி பற்றரி ஒன்றில் பதினோரு தடவை 100 மீற்றர் ஏறலாம், நீங்களும் பாதி மிதித்தால் அதைப் போல இரண்டு மடங்கு. ஐரோப்பாவில் 250 வாட் மோட்டார், 25 கிலோமீற்றர் வேகத்தோடு நின்றுவிட வேண்டும் என்று சட்டம். வியர்வையில்லாமல் வேலைக்குப் போகலாம். ஆனால் விலையும் பற்றரி மாற்றும் செலவும் தோட்டத்துச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எனவே இதை மட்டும் நம்பிப் பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை.

உயரத்தைச் சாக்குச் சொல்கிறவர்களுக்கு ஒரே பதில், பொகோட்டா. கொலம்பியாவின் தலைநகர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீற்றர், நம் பிதுருதலாகல உச்சியைவிட (2,524 மீற்றர்) உயரம். அங்கே 1974இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து பகல்வரை 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ரோடுகளை வாகனத்துக்கு மூடிவிட்டு, சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறார்கள். அந்த நகரம் பெரும்பாலும் தட்டையான மேட்டுநிலத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரி, நம்மிடமும் தட்டையான மேட்டுநிலம் இருக்கிறதே.

நம் ஊரில் எங்கே தொடங்கலாம்?

நுவரெலியாவையே பாருங்கள். ஏறிப்போகும் வரைக்கும்தான் கஷ்டம். ஏறிவிட்டால் கிரகரி வாவி, குதிரைப் பந்தயத் திடல், மார்க்கெட், பஸ் நிலையம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம். 1873இல் வெட்டிய வாவியைச் சுற்றி உல்லாசப் பயணிகள் வாடகைச் சைக்கிளில் சிரித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அதே ஊரில் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிற நம் ஆள் ரோட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போகிறார். சைக்கிள் அங்கே விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது, வாகனமாக இன்னும் ஆகவில்லை. ஏப்ரல் சீசனில் டவுன் முழுக்க வாகனம் அடைத்து நிற்கும்போது யாராவது இதை யோசிக்கக் கூடாதா?

கண்டி வாவியைச் சுற்றினால் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர், அதுவும் மட்டமானது. காலையில் பாடசாலை வான்கள் அந்தப் பக்கம் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள் நிற்கும்.

எனக்குத் தனியாக ஓர் ஆசை இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு காலத்தில் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் சின்னக் கோச்சி ஓடியது. 1940களில் அதை நிறுத்தி, தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். கோச்சிக்கென்று வெட்டிய வழி என்றால் சரிவு மெதுவாகத்தான் இருக்கும், முன்னால் சொன்னேனே. ஸ்பெயினில் இப்படிக் கைவிட்ட ரயில் வழிகளில் 3,000 கிலோமீற்றருக்கு மேல் நடை, சைக்கிள் பாதைகளாக மாற்றிவிட்டார்கள். இங்கே அந்த வழியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவையும் நடந்தாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

‘இடம் எங்கே இருக்கிறது, ரோட்டை அகட்ட வேண்டுமே’ என்பார்கள். மலையில் ரோட்டை அகட்டுவதென்றால் மேல்பக்கம் மண்ணை வெட்ட வேண்டும். அடியை வெட்டினால் மேலே இருப்பது மழைக்கு இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு மழைக்கும் மண்சரிவு எச்சரிக்கை விடும் மாவட்டங்களில் இருந்துகொண்டு, கார் கூடக்கூட ரோட்டை வெட்டிக்கொண்டே போக முடியாது. இருக்கிற அகலத்தைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அதில் சும்மா கிடக்கும் அகலம் ஒன்று உண்டு: திறந்து கிடக்கும் கான். அதன் மேல் கொங்கிறீட் பலகை போட்டு மூடினால், ஒரு வெட்டும் இல்லாமல் இரண்டு மூன்று அடி கிடைக்கும். தண்ணீரும் கீழே ஓடும், பிள்ளைகள் மேலே நடக்கலாம். மூடி போடுகிறவர்கள் கம்பியைக் குறுக்காக வையுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, சைக்கிளை மட்டும் வைத்துக்கொண்டு மலையில் வாழ முடியாது. பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு யாரும் தினமும் மிதிக்கப் போவதில்லை. சைக்கிள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் அல்லது ஸ்டேசன் வரைக்கும்தான். மிச்சத்தை பஸ்ஸும் கோச்சியும் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தேவை ஸ்டேசன் வாசலில் கூரை போட்ட, பூட்டிவைக்க இரும்புக் கம்பி நட்ட ஓரிடம். மாலை வந்து பார்க்கும்போது சைக்கிள் நிற்க வேண்டும், சீட் நனையாமல் இருக்க வேண்டும். ஊரில் இதைவிட மலிவான அபிவிருத்தி வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை.

லாபம் என்ன என்று கேட்டால், முதல் பதில் காசுதான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்கள் மறுபடியும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய காரின் விலை வீட்டு விலைக்குப் போனது. வாங்கினதோடும் முடிவதில்லை. லீசிங் தவணை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, சேர்விஸ், டயர், அப்புறம்தான் பெற்றோல். ஒரு தாளில் உங்கள் கணக்கைப் போட்டு, மொத்தத்தை உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தால் பிரித்துப் பாருங்கள். மாதத்தில் எத்தனை நாள் காருக்காகவே வேலைக்குப் போகிறீர்கள் என்று தெரியும். அந்தக் கார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் மிச்சம் 23 மணி நேரமும் சும்மாதான் நிற்கிறது. ‘மாப்பிள்ளைக்கு என்ன வாகனம்?’ என்று கேட்கிற ஊரில் இதைச் சொல்லி நான் யாரையும் மாற்றிவிடப் போவதில்லை, சரி.

உடம்புக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தானாகப் போய்வர முடிகிற பிள்ளை. ரோடு பாதுகாப்பாக இருந்தால் 12 வயதுப் பெண் பிள்ளை டியூசனுக்கு யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் போகும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் மிதித்தார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒரே பாடத்திட்டத்தில் இருந்தது தற்செயல் இல்லை.

சிரமங்களையும் மறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மழைக்கோட்டுக்கு உள்ளேயும் நனையும். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் தெரியாது, முன்னும் பின்னும் லைட் கட்டாயம். வளைவில் நாய் படுத்திருக்கும். வயதானவர், கர்ப்பிணி, முதுகில் பாரம் உள்ளவர் எல்லோரையும் சைக்கிளில் ஏறச் சொல்ல முடியாது. அவர்களுக்கு பஸ்ஸும் ஓட்டோவும் அம்புலன்ஸும் தேவை. ஆனால் மிதிக்கக்கூடியவர்கள் மிதித்தால், அந்த அம்புலன்ஸுக்கு ரோட்டில் வழி கிடைக்கும்.

போன வருசம் ஹட்டன் போகும் வழியில் நான் விழுந்த இடத்தில் இறங்கிப் பார்த்தேன். அதே மூடிதான் கிடந்தது. ஆனால் நீளவாக்கில் கிடந்த கம்பிகளுக்கு மேலே குறுக்காக மூன்று இரும்புப் பட்டைகளை யாரோ வெல்டிங் அடித்திருந்தார்கள். திரும்பி வரும்போது சைக்கிள் கடையில் விசாரித்தேன்.

“நான்தான் தம்பி. ஒரு ஸ்கூல் பிள்ள விழுந்திருச்சு. பழைய ஜன்னல் பட்டை கிடந்துச்சு, பக்கத்து கராஜ்ல வெல்டிங் மெசின் இருந்துச்சு. அரை மணி நேர வேலை” என்றார் அண்ணன். பிறகு குனிந்து என் சைக்கிள் செயினை விரலால் தொட்டுப் பார்த்தார். “இதுக்கு எண்ணெய் போட்டு எத்தன மாசமாச்சு?”